கப்பல் மூழ்கிய கதை: பழைய சவரக்கத்தி சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் வாங்கிய முதல் சவரக்கத்தியின் அலகில் ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. கறுத்துக் கிடக்கிறதே என்று வீட்டுக்கு வந்ததும் உலோகப் பாலிஷும் கம்பிப் பஞ்சுமாக உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அலகு கண்ணாடியாக மின்னியது. கப்பல்தான் மூழ்கிவிட்டது.

பழைய கத்தி கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்கிற தவறு இது. அலகில் உள்ள சித்திரங்களில் பெரும்பாலானவை உளியால் செதுக்கியவை அல்ல. அரிக்கக் கூடாத இடத்தைப் பூச்சால் மூடிவிட்டு, மீதியை அமிலத்துக்கு விட்டுவிடுவார்கள். அப்படி விழுந்த கோட்டுக்கு ஆழமே கிடையாது. சிலவற்றில் அதன்மேல் தங்கப் பூச்சும் இருக்கும்; அது அழுத்தித் துடைத்தாலே போய்விடும். துருவுக்கு எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வினிகரும் எலுமிச்சையும் வேண்டாம். மோட்டாரில் சுழலும் பாலிஷ் சக்கரம் வேண்டவே வேண்டாம். கத்தியின் வாய் மெல்லியது, நொடியில் சூடேறும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டி மஞ்சளும் நீலமுமாக நிறம் ஓடினால், எஃகின் பதம் போயிற்று. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

அடுத்த தவறு, படத்தைப் பார்த்து ஊரையும் ஆண்டையும் முடிவு செய்வது. அலகில் அமெரிக்கக் கழுகு சிறகு விரித்திருந்தால் அமெரிக்கக் கத்தி என்று விலை சொல்வார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பட்டறைகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் பெரிய சந்தையே அமெரிக்காதான்; வாங்குகிறவர் மனம் குளிரக் கழுகைப் போட்டு அனுப்பினார்கள். 1805இல் டிராஃபல்கர் போரில் இறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் படம் இருப்பதால் அது அந்த ஆண்டுக் கத்தியும் ஆகாது. கிரீடமும் 'வி ஆர்' எழுத்தும் விக்டோரியா அரசியின் காலத்தை, அதாவது 1837 முதல் 1901 வரையான காலத்தைச் சொல்லும். அரண்மனையிலிருந்து வந்த பரிசு என்று சொல்லாது. 'டபிள்யூ ஆர்' என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. அந்த ஏழே ஆண்டு என்பதால் எனக்கு அதன்மேல் தனி ஆசை.

'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்த கத்தியை வெள்ளி என்று நம்பிக் கூடுதல் ரேண்ட் கொடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரின் பின்னால் உள்ள கதை நமக்கு நெருக்கமானது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய வூட்ஸ் எஃகின் ரகசியம் என்ன என்று லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் ஆராய்ந்தார்கள். பல உலோகங்களைக் கலந்து பார்த்து, 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி நன்றாக அமைகிறது என்று 1820இல் எழுதினார்கள். பேர் பரவியதும் பட்டறைகள் அந்த முத்திரையை இஷ்டத்துக்குக் குத்தின. பல கத்திகளில் வெள்ளி பேருக்கும் இருக்காது. ஆனால் 'உருக்கு' என்ற நம் சொல்லுக்கு உறவான 'வூட்ஸ்' என்ற பெயர் இத்தனை தூரம் போய் வந்திருப்பதற்காகவே அப்படி ஒன்றை நான் வைத்திருக்கிறேன்.

நம்மவர் வீடுகளில் வேறொரு சிக்கல். "1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் தாத்தாவின் தாத்தா கொண்டு வந்தது" என்று, இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே முதலில் கொண்டு வந்த கப்பலின் பெயரைச் சொல்லி ஒரு கத்தியை எடுத்து வருவார்கள். அலகின் அடியில் 'ஜெர்மனி' என்று இருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரச் சரக்கு ஷெஃபீல்டு பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க பிரிட்டன் 1887இல் சட்டம் போட்டது; 1891 முதல் அமெரிக்காவும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆகவே நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. இப்படி ஒரு கத்தியைக் கையில் கொடுத்த ஆயாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அழகாக இருக்கிறது ஆயா, பத்திரமாக வையுங்கள் என்றேன். விற்க வந்தவராக இருந்தால் சொல்லியிருப்பேன்.

கைப்பிடியில் ஏமாறுவது இன்னும் சுலபம். தந்தத்தில் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகள் தெரியும். போலித் தந்தத்தில் வரிகள் நேராக, ஒரே சீராக ஓடும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பூஜை அறை வாசம் வந்தால் அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். அதில் கற்பூரம் சேர்ந்திருக்கிறது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், கற்பூரத்தைப் போலவே பற்றிக்கொள்ளும். செல்லுலாய்டு கெடும்போது அமில ஆவி விடும். அலகு துருப்பிடிக்கும், அருகில் உள்ள கத்திகளும் கெடும். அதைத் தனியே வையுங்கள். அசல் தந்தமும் ஆமையோடும் வேறு வகைத் தலைவலி: உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்ட முடியாது. மொரிஷியஸில் உள்ள சித்தப்பாவுக்குப் பரிசாகக் கொண்டு போகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

டர்பன் கடற்காற்றில் தோலுறையும் வெல்வெட் பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்தியை வெளியே எடுத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிதாகப் பூசி வையுங்கள். தேங்காய் எண்ணெய் காறிப்போய்ப் பிசுபிசுக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் மனசு கேட்காது என்றால் பெட்டிமேல் வையுங்கள்.