தனியா இருந்துட்டு வாஷிங் மெஷின் மாத்தறது எப்படி: நாலு போல்ட்டக் கழட்டாம ஓட்டுனவளோட செய்முறை

போன மாசம் வீட்டு வாஷிங் மெஷின் போய்ச் சேர்ந்துருச்சுங்க. வீடுன்னா நான் ஒருத்திதான், கணபதியில மாடி வீடு, கீழ ஹவுஸ் ஓனர் அக்கா, அப்பா அம்மா கோபிப் பக்கம் தோட்டத்துல. ஸ்பின் போறப்பெல்லாம் சூலூர் ஏர்போர்ஸ் பிளேன் தாழப் பறந்து போற மாதிரி சத்தம். மூணாவது நாள் அக்கா படியேறி வந்து "ஏன் அம்மிணி, மேல மாவு மில்லு ஏதாச்சும் போட்டுட்டியா"ன்னு கேட்டாங்க. அங்க இருந்து புது மெஷின் வந்து ஒழுங்கா ஓடறதுக்கு 11 நாள் ஆச்சு. அதுல மெஷினால வந்த பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான், மீதியெல்லாம் வீட்ல இன்னொரு ஆள் இருப்பாங்கன்னு நெனச்சே எல்லாரும் சோலி பாக்கறதால வந்தது. அதனால இது ஒத்தை ஆளுக்கான செய்முறை, அதுவும் பிரண்ட் லோடுக்கு.

ஸ்டெப் 1: நெசமாவே செத்துருச்சா?

பிளக்கப் புடுங்கிட்டு கதவத் தொறந்து டிரம்மோட மேல் விளிம்பப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. டிரம்மச் சுத்தி உள்ள இருக்கற வெளி டப்பாவும் சேந்து ஆடுனா பரவால்ல, உள் டிரம் மட்டும் தனியா லொட லொடன்னு ஆடுச்சுன்னா பேரிங் போச்சு. எனக்குப் போச்சு. பேரிங் என்னமோ சின்னச் சாமான்தான், ஆனா என் மாடல்ல டப்பாவ ஒட்டியே செஞ்சிருக்காங்களாம், பேரிங் மாத்தணும்னா டப்பாவோட மாத்தணும்னு மெக்கானிக் சொன்னாரு, 7,000 ரூபாய்க்கு மேல. எட்டு வருசம் சப்பத் தண்ணியில, அதான் உப்புத் தண்ணியில, ஓடுன மெஷினுக்கு அவ்வளவு செலவு பண்ண மனசு வரல.

இந்த ஊர்ல கிரைண்டர் ரிப்பேர்னா கவலையே கெடையாது, வெடியாலக் குடுத்தா பொழுதோட வாங்கிக்கலாம், கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்குது. மோட்டர், பம்ப்புன்னு தெருவுக்கு ஒரு பட்டறை. அதே ஊர்ல வாஷிங் மெஷின்னு சொன்னா மட்டும் "கம்பெனிக்கு போன் போடுங்க"ங்கறாங்க.

ஸ்டெப் 2: அளவு

பிரண்ட் லோடு பொதுவா 60 செ.மீ அகலம், 85 செ.மீ உசரம். ஆழம்தான் மாடலுக்கு மாடல் மாறும், அதுல ஏமாந்துராதீங்க, பின்னாடி ஓஸுக்கு ஒரு நாலு விரக்கடை இடம் வேணும். மாடிப்படி திரும்பற எடத்தையும் அளந்து வெச்சுக்கங்க, அட்டைப் பெட்டியோட வந்தா இன்னும் எச்சா ஆகும். ஒருத்தருக்கு 6, 7 கிலோ மெஷினே தாராளம். கடையில 9 கிலோ எடுங்க, பெட்ஷீட் துவைக்கலாம்னுவாங்க. வாரத்துக்கு எத்தன பெட்ஷீட்டுங்க துவைப்பேன் நானு?

ஸ்டெப் 3: காசு குடுக்கறதுக்கு முன்னால கேக்க வேண்டியது

மூணே கேள்வி. மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்து வெப்பாங்களா, பழச எடுத்துட்டுப் போவாங்களா, மாட்டிக் குடுக்க வர்ற ஆள் என்னிக்கு வருவாரு. மூணுக்கும் பதில பில்லு மேலயே எழுதி வாங்குங்க. நான் கிராஸ்கட் ரோட்டுல நாலு கடை ஏறி எறங்குன களைப்புல வாய் வார்த்தையோட விட்டுட்டேன். டெலிவரிக்கு வந்த பசங்க கீழ கேட் பக்கத்துலயே எறக்கி வெச்சுட்டு "வீட்ல ஆம்பளைங்க யாருமில்லீங்களாக்கா, ஒரு கை புடிச்சா ஏத்திரலாம்"னாங்க. யாருமில்ல தம்பி, நாந்தான் இருக்கறேன்னேன். கடைசியில ஆளுக்கு 200 குடுத்து மேல ஏத்துனேன். 65 கிலோ, டப்பா ஆடாம இருக்கறதுக்கோசரம் உள்ள காங்கிரீட் கட்டை வெச்சிருக்கும், அதான் அந்தக் கனம்.

ஸ்டெப் 4: பழசக் கழட்டி வெக்கறது

இத டெலிவரிக்கு மொத நாளே பண்ணிருங்க. தண்ணியோட இருக்கற மெஷின அவங்க தொடவே மாட்டாங்க.

குழாய மூடிட்டு, பிளக்கப் புடுங்கிட்டு, முன்னாடி கீழ ஓரத்துல சின்னதா ஒரு மூடி இருக்கும் பாருங்க, அதத் தொறந்தா பில்டர். சில மாடல்ல பக்கத்துலயே ஒரு குட்டி ஓஸும் இருக்கும். அது தரையோட ஒட்டி இருக்கறதால பக்கெட்டு, போசி எதுவும் அடியில போகாது. சோத்து வட்டல் கரெக்டாப் போகும். வட்டல் ரொம்பனதும் மூடு, ஊத்து, மறுபடி தொற, இப்படி எனக்கு ஒம்போது வட்டல் வந்துச்சு, கூடவே ரெண்டு ஊக்கு, ஒரு அஞ்சு ரூபாய்க் காசு, போன தீவாளிக்குக் காணாமப் போன கம்மலோட திருகாணி.

குழாய்கிட்ட இருக்கற ஓஸ் திருகு உப்புப் படிஞ்சு இறுகிக் கெடந்தா குறடு போட்டு முறுக்காதீங்க, பிளாஸ்டிக் ஒடஞ்சுரும். எலுமிச்சம்பழச் சாத்துல துணிய நனச்சு அரை மணி நேரம் சுத்தி வெச்சுட்டு கையாலயே திருகுங்க. அப்பறம் மெஷின ஒரு பக்கமா லேசாச் சாச்சு அடியில கோணிச்சாக்கத் தள்ளி, சாக்கோட இழுங்க. ஒத்தை ஆளா வாசல் வரைக்கும் இப்படித்தான் கொண்டு வந்தேன், டைல்ஸ்ல கீறல் விழல.

ஸ்டெப் 5: அந்த நாலு போல்ட்டு

இங்கதான் நான் கவுந்தது. வெயாழக்கெழமை மெஷின் வந்துச்சு, மாட்டற ஆள் 48 மணி நேரத்துல வருவாருன்னாங்க. வெள்ளிக்கெழமை லீவு போட்டு ஒக்காந்திருந்தேன், வரல. சனிக்கெழமை குளிக்கப் போன பத்து நிமிசத்துல ஒரு மிஸ்டு கால், திருப்பிக் கூப்புட்டா எடுக்கல, கொஞ்ச நேரத்துல "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை"ன்னு மெசேஜ். ஞாயித்துக்கெழமை அழுக்குத் துணி கட்டில் ஒசரத்துக்கு வந்துருச்சு. ஓஸ் மாட்டறது ஒரு பெரிய விசயமான்னு நானே மாட்டி ஓட்டிட்டேன். தண்ணி ஏறுச்சு, சுத்துச்சு, நெம்பப் பெருமையா இருந்துச்சு. ஸ்பின் வந்ததும் மெஷின் தடதடன்னு எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுருச்சுங்க, சொவத்துல இருந்து ஒன்றரை அடி தள்ளி வந்து நின்னுச்சு, ஓஸ் வெறச்சு நிக்குது, நான் போய் ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சேன் பாருங்க, அத மட்டும் பண்ணிராதீங்க, சுவிச்ச அமத்துங்க.

விசயம் இதுதான். டிரம் இருக்கற டப்பா ஸ்பிரிங்குல தொங்கிட்டு இருக்கும், அப்பத்தான் ஸ்பின் ஆட்டம் பாடிக்கு வராது. லாரியில வர்றப்ப அது ஆடி அடிபடக் கூடாதுன்னு பின்னாடி இருந்து நீள போல்ட்டப் போட்டு பாடியோட இறுக்கி அனுப்பறாங்க. டிரான்சிட் போல்ட்டுன்னு பேரு, என்னோடதுல நாலு. அதக் கழட்டாம ஓட்டுனா நிமிசத்துக்கு ஆயிரம் சுத்து சுத்தற ஆட்டம் பூராவும் பாடியில எறங்கும். புக்குல மொதப் பக்கத்துலயே படம் போட்டிருந்துச்சு, நான்தான் பாக்கல.

பெட்டிக்குள்ள குடுத்த தகர ஸ்பேனர் மொத போல்ட்டுலயே வழுக்கிருச்சு. திங்கக்கெழமை தெருமுக்கு லேத்துப் பட்டறைக்குப் போனேன், அங்கிருந்த பெரியவரு கதையக் கேட்டுட்டு சிரிக்காம 13-ம் நம்பர் ரிங் ஸ்பேனர எடுத்து, "இதக் கொண்டு போ கண்ணு, வாய் தொறந்த ஸ்பேனர் போட்டா மூலை மழுங்கிப் போயிரும்"னாரு. சொந்தமா வாங்கறதுன்னா டபாரியா கம்பெனி ஸ்பேனர் செட்டு வாங்குங்க, ஆன்லைன்ல பொட்டியில நாப்பது சாமானோட வர்றதெல்லாம் வெறும் பளபளப்பு. சில மெஷினுக்கு 10, சிலதுக்கு 12, வாங்கறதுக்கு முன்னால அளந்துக்கங்க.

போல்ட்ட இடது பக்கமாத் திருகித் தளத்துங்க, முழுசா உருவிராதீங்க. அதச் சுத்தி பிளாஸ்டிக்கும் ரப்பருமா ஒரு உறை இருக்கும், போல்ட்டத் தளத்தி லேசா ஆட்டி உறையோட சேத்து இழுக்கணும். நான் மூணாவது போல்ட்ட முழுசா உருவிட்டேன், உறை உள்ளயே தங்கிருச்சு. பயப்படாதீங்க, போல்ட்ட மறுபடி நாலு சுத்து ஏத்தி அப்பறம் இழுத்தா வந்துரும். நாலும் வந்ததும் கூடக் குடுத்திருக்கற மூடிய ஓட்டையில அமுத்திருங்க, இல்லீன்னா பல்லி குடியேறிரும்.

ஸ்டெப் 6: மத்தது

தண்ணி ஓஸ கையால இறுக்குனாப் போதும், உள்ள ரப்பர் வாசர் இருக்கான்னு மட்டும் பாருங்க. கழிவு ஓஸ் நுனி தரையில இருந்து 60 செ.மீக்கு மேல ஒரு மீட்டருக்குள்ள இருக்கட்டும், தரையில போட்டா ஏத்தற தண்ணி தன்னால வடிஞ்சுட்டே இருக்கும். பிளக்கு 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டுலதான், எக்ஸ்டென்சன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், சுடுதண்ணி ஹீட்டர் மட்டுமே 2,000 வாட்ஸ் பக்கம் இழுக்கும்.

லெவல் பாக்கறதுக்கு ஆளு வேணும்பாங்க, ஒருத்தர் தூக்க ஒருத்தர் காலத் திருக. வேண்டாம். ரெண்டடி ரீப்பர் கட்டைய முன்னாடி அடியில குடுத்து ஒரு கையால நெம்புங்க, இன்னொரு கையால காலத் திருகுங்க. மேல டம்ளர்ல தண்ணி வெச்சுப் பாருங்க, நாலு மூலையிலயும் அமுத்துனா ஆடக் கூடாது. கடைசியா காலுல இருக்கற நட்ட பாடியோட சேத்து இறுக்கணும், அத விட்டா ஒரு மாசத்துல மறுபடி ஆடும். அடியில வெக்கற ரப்பர் புஷ் தண்டச் செலவுன்னுதான் சொல்லுவேன்.

அப்டேட் 1: மாட்டற ஆள் புதன்கெழமை வந்தாரு, எல்லாம் பாத்துட்டு "சரியாத்தான் இருக்குதுங்க, ஓடிபி சொல்லுங்க"ன்னாரு. ஓடிபிய வேலை முடியறதுக்கு முன்னால போன்ல யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. சொன்னதும் கம்ப்ளைண்ட முடிச்சுருவாங்க, அப்பறம் நீங்க மொதல்ல இருந்து வரிசையில நிக்கணும். ஆளே வராம இழுத்தாங்கன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். கம்பெனி ஆள்தான் மாட்டணும், இல்லீன்னா வாரண்டி இல்லைன்னு உங்க வாரண்டி கார்டுல இருந்தா என்னாட்ட அவசரப்படாதீங்க.

அப்டேட் 2: எல்லாம் பண்ணியும் தண்ணி ஏறலைன்னு ரெண்டு பேரு எழுதியிருந்தாங்க, ரெண்டு பேருமே மேல் மாடி. டேங்கு தலைக்கு மேலயே இருந்தா பிரசர் பத்தாது. என் மெஷினுக்குக் கொறஞ்சது 0.3 பார் வேணும்னு போட்டிருக்குது, அப்படின்னா டேங்குத் தண்ணி மட்டம் மெஷினுக்கு மேல 10 அடியாச்சும் இருக்கணும். வால்வுக்கிட்ட இருக்கற சல்லடையக் கழுவிப் பாருங்க, அப்பவும் ஏறலைன்னா சின்ன பிரசர் பம்ப்புதான். அந்த ஒண்ணுக்கு நம்மூர்ல ஆளுக்குப் பஞ்சமில்ல.

அப்டேட் 3: பழைய மெஷின் என்னாச்சுன்னு கேட்டீங்கல்ல, கடைக்காரங்க எடுக்கல, பழைய இரும்புக்காரரு வந்தாரு. தராசுல வெக்கறதுக்கு முன்னாலயே மூடியக் கழட்டி காங்கிரீட் கட்டைய அக்கட்டால எடுத்து வெச்சுட்டாரு, "இதுக்குக் காசு கெடையாதுங்". அந்தக் கட்டை இப்ப மாடிப்படிக்கிட்ட கெடக்குது, ஓனர் அக்கா அது மேல துளசித் தொட்டி வெச்சிருக்காங்க. டிரான்சிட் போல்ட்டு நாலும் பழைய டிபன் பாக்சுல, மேல ஸ்கெட்ச்ல "வீடு மாறும்போது" எழுதி அட்டாலியில. ஸ்பேனரத்தான் இன்னும் பெரியவருகிட்ட திருப்பிக் குடுக்கல, நாளைக்குக் குடுத்துரணும்.