சாப்பிட்ட பின் சுகர் ஏறுவது எதனால்?

"காலையில வெறும் வயித்துல 110தான் இருக்கு, அப்புறம் எதுக்கு மாத்திரையைக் கூட்டுறாங்க?" என்று கேட்காத சர்க்கரை நோயாளி குறைவு. விடை பெரும்பாலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுக்கும் அளவில் இருக்கும். கர்ப்பிணிகள் தவிர பெரும்பாலோருக்கு அது 180 மி.கி.க்குள் இருப்பது பொதுவான இலக்கு.

அந்த அளவை எடுப்பதிலேயே தவறு நடக்கிறது. 2 மணி நேரம் என்பது முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து. கை கழுவியதிலிருந்து அல்ல. தினமும் ஆறு இட்லி சாப்பிடுபவர் டெஸ்ட் அன்று மட்டும் இரண்டோடு எழுந்துவிட்டால், ரிப்போர்ட் நன்றாக வரும், மருத்துவர்தான் ஏமாறுவார். வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை என்று போனால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அடுத்தது சப்பாத்தி. எங்கள் வீட்டிலும் அம்மாவுக்குச் சுகர் என்றதும் இரவுச் சோறு நின்று, நாலு சப்பாத்தி வந்தது. சுகர் இறங்கவே இல்லை. கோதுமையும் மாவுச்சத்துதானே! நடுத்தர அளவில் 3 சப்பாத்தி சாப்பிட்டாலே ஒரு கப் சோற்றுக்குக் குறையாத மாவுச்சத்து உள்ளே போகிறது. கேழ்வரகுக் கஞ்சியும் அப்படித்தான். நைசாக அரைத்த மாவைக் குழைய வேகவைத்துக் குடித்தால் வேகமாகச் செரித்து ரத்தத்தில் ஏறிவிடும். கருப்பட்டி, தேன் எல்லாமும் சர்க்கரையே.

தட்டில் சோற்றைக் குவித்து ஓரமாக ஒரு கரண்டி பொரியல் வைப்பது நம் பழக்கம். அதை மாற்றுங்கள். முதலில் பொரியல், சுண்டல், முட்டை. கடைசியில் அளவாகச் சோறு. இந்த வரிசை ஒன்றே ஏற்றத்தைக் குறைக்கும். சாப்பிட்டதும் படுக்காமல் 10, 15 நிமிடம் மெல்ல நடந்தால், தசைகள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளை முதல் வாய் உணவோடு போட வேண்டும். குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்துவதுதான் அவற்றின் வேலை. சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் பலன் குறைந்துவிடும்.

மதியம் 250 காட்டியதே என்று பயந்து இரவு பட்டினி கிடப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது சுகரை 70க்குக் கீழே இறக்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் பொடி, அதாவது சுமார் 3 தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ் சாப்பிடுபவர்களுக்குச் சீனி, மிட்டாய் விரைவாக வேலை செய்யாது. குளுக்கோஸ் பாக்கெட்டே கையில் இருக்கட்டும்.