மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: முதல் மாரத்தானுக்குத் தயாராகும் முறை

தருமபுரியில் புறப்பட்டு, காரிமங்கலமும் காவேரிப்பட்டணமும் தாண்டி, கிருஷ்ணகிரியை நெருங்கும் தொலைவுதான் ஏறத்தாழ ஒரு மாரத்தான்: 42.195 கிலோமீட்டர். பேருந்தில் அரைத்தூக்கத்தில் கடக்கிற இந்தத் தொலைவைக் காலால் கடக்க விரும்புபவர், இப்போது நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடக்கூடியவர் என்றால், 20 வாரப் பயிற்சி போதும். அதற்கு முடியாதவர் இரண்டு மூன்று மாதம் நடையும் ஓட்டமுமாகக் கலந்து அந்த 5 கிலோமீட்டரை முதலில் எட்டிவிட வேண்டும். சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மாரத்தானைக் குறிவைப்பவர் ஆகஸ்ட் நடுவில் தொடங்கினால் கணக்குச் சரியாக இருக்கும். நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஆறேழு வாரம் ஒழுங்காக ஓடினால் மூச்சு வாங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் அந்த வேகத்தில் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு 'இன்னும் போகலாம்' என்று சொல்லும் நாளில் கால் அதற்குத் தயாராக இருக்காது. புதிதாக ஓடுபவர்களுக்கு வரும் சில்லறை வலிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. நான் என் முதல் பயிற்சியின் எட்டாவது வாரத்தில், உடம்பு இலேசாக இருக்கிறதே என்று 14 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவலில் 20 கிலோமீட்டருக்குப் போய், முன்காலில் வந்த வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மேலும் மூன்று வாரம் ஓடி, பிறகு ஆறு வாரம் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும். மூன்று நாள் 40 முதல் 60 நிமிடம்; ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். கூட ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தை 10 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு கிலோமீட்டர் கூட்டி, ஒவ்வொரு நான்காம் வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 30 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். 42 கிலோமீட்டரையும் முன்னதாக ஒருமுறை ஓடிப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. லாரிகள் விரையும் நெடுஞ்சாலையை விட்டு, ஏரிக்கரையையோ பள்ளி மைதானத்தையோ தேர்ந்தெடுப்பது உயிருக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

வலிக்கென்று ஒரு நோட்டு வைத்திருங்கள். ஓடி வந்ததும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: ஓட ஓட வலி குறைந்ததா, கூடியதா? மறுநாள் காலையில் மிஞ்சியிருந்ததா? வலியால் நடை மாறியதா? இரண்டு தொடைகளும் ஒரேபோல் கனத்து, இரண்டு மூன்று நாளில் தீர்ந்தால் அது தசையின் அலுப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும், ஒரே இடத்தில், வாரத்துக்கு வாரம் கூடினால் அந்த வாரத்து ஓட்டத்தைப் பாதியாக்க வேண்டும். நொண்ட வைக்கிற வலியோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓடக் கூடாது.

முன்கால் வலியைக் கையாலேயே சோதிக்கலாம். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கு விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய உறையின் எரிச்சல். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓரிடத்தில் விரல் பட்டதும் உயிர் போகிறாற்போல் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும். அப்போது ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம் என்பதால், 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற சொல்லை மட்டும் நம்பி மீண்டும் ஓட இறங்கக் கூடாது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டலாம். அதைவிடப் பயன் தருவது கெண்டைக்காலை வலுப்படுத்துவது: வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குவதை 15 முறை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்ய வேண்டும். மாடிப்படி இறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால் தொடைக்கும் இடுப்புக்கும் வலு போதவில்லை என்று கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை அதற்குச் செய்யலாம். சாலை ஓரம் சரிந்திருப்பதால் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுவதும் முழங்காலின் வெளிப்புறத்தை நோகச் செய்யும்.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பும் வழக்கம் ஆபத்தானது. வியர்த்து நீர் குறைந்த உடம்பில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நிற்கச் சொல்லும் வலியையும் அவை மறைத்துவிடும்.

உணவில் நம் பக்கத்து ராகிக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுதி, ஆகவே மதியம் களி தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் நார்ச்சத்து வயிற்றைக் கலக்கும் என்பதால் நீண்ட ஓட்டத்தின் காலையில் அது வேண்டாம், இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். தாகத்துக்கு மட்டும் குடிப்பதும், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாற்றை இடையில் சேர்ப்பதும் நல்லது. சென்னைக் காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் உலராது. ஆகவே இங்கே ஓடிய வேகத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

கடைசி மூன்று வாரத்தில் தொலைவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசி வாரத்தில் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். அந்த ஓய்வில், இதுவரை இல்லாத இடமெல்லாம் வலிப்பதாகத் தோன்றும். நோட்டை எடுத்துப் பாருங்கள். முன்பு எழுதாத இடமாகவும், நடக்கும்போது மறைகிற வலியாகவும் இருந்தால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே 50 கிலோமீட்டராவது ஓடிப் பழகிய காலணியையே போட்டிக்கு எடுத்து வையுங்கள். நான்கைந்து நாள் முன்னதாகவே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், முந்தின இரவில் வெட்டினால் அந்த எரிச்சலோடுதான் ஓட வேண்டியிருக்கும்.