கிளிமஞ்சாரோ ஏறத் திட்டமிடுகிறீர்களா? முதலில் நாட்களை எண்ணுங்கள்

தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலை. உயரம் 5,895 மீட்டர். கயிறோ பனிக்கோடரியோ இல்லாமல் நடந்தே உச்சியை அடைந்துவிடலாம் என்பதால், மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் துணிந்து கிளம்புகிறார்கள். பாதியில் திரும்புபவர்களில் கால் வலித்துத் திரும்புபவர்கள் குறைவு. தலைவலியும் குமட்டலும் தாங்காமல் திரும்புபவர்களே அதிகம்.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. உடல் இதற்குப் பழக நாட்கள் தேவை. எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் அந்த நாட்களுக்கு ஈடாகாது. ஆகவே கையில் பணம் மிச்சமிருந்தால் விலையுயர்ந்த ஜாக்கெட் வாங்காதீர்கள். மலையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

படி 1: மாதம்

ஏறுவதற்கு ஏற்ற பருவங்கள் இரண்டு: ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை ஒன்று, ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரை இன்னொன்று. ஏப்ரல், மே பெருமழைக்காலம். நவம்பரிலும் மழை உண்டு. முழுநிலவு இரவில் உச்சியேற வேண்டும் என்று பலர் தேதி பார்க்கிறார்கள். அழகுதான், ஆனால் அன்று பாதையில் திருவிழாக் கூட்டம் இருக்கும்.

படி 2: பாதையும் நாட்களும்

மராங்கு பாதையில் மட்டும் கூடாரத்துக்குப் பதில் மரக்குடில்கள் உண்டு. கட்டிலில் படுக்கலாம் என்பதால் எளிதான வழி என்று பெயர் வாங்கிவிட்டது. பலர் இதை ஐந்து நாள் பயணமாக விற்கிறார்கள். அதில் 3,720 மீட்டரில் உள்ள ஹொரொம்போ குடிலில் ஓர் இரவு தங்கி, மறுநாளே 4,720 மீட்டரில் உள்ள கிபோ குடிலுக்குப் போய், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். உடலுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. மராங்குதான் வேண்டும் என்றால் ஹொரொம்போவில் இரண்டு இரவு தங்கும் ஆறு நாள் திட்டத்தைக் கேளுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஏழு நாள் மச்சாமே அல்லது எட்டு நாள் லெமோஷோ. இவ்விரண்டிலும் 4,600 மீட்டர் அளவில் உள்ள லாவா டவர் என்ற பாறைவரை ஏறி, அன்று மாலையே 3,900 மீட்டர் அளவில் உள்ள பரான்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவார்கள். பகலில் உயரம், இரவில் தாழ்வு. உடலைப் பழக்குவதற்கு இதுவே நல்ல வழி. பரான்கோவில் மறுநாள் காலை ஏற வேண்டிய செங்குத்துச் சுவரைப் படத்தில் பார்த்து மிரள வேண்டாம். கைகளையும் பயன்படுத்தி மெதுவாக ஏறிவிடலாம்.

கென்ய எல்லையை ஒட்டி வடக்கிலிருந்து ஏறும் ரொங்காய் பாதையில் மழை குறைவு. உம்ப்வே மிகச் செங்குத்தானது. முதல் தடவைக்கு வேண்டாம்.

படி 3: அழைத்துச் செல்லும் நிறுவனம்

உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. ஆகவே நிறுவனங்கள் ஏராளம், விலையும் பலவிதம். எது நியாயமான விலை என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்குப் போடுவோம். அண்மை ஆண்டுகளின் நிலவரப்படி தேசியப் பூங்காக் கட்டணம் நாளுக்கு 70 டாலர், முகாம் கட்டணம் இரவுக்கு 50 டாலர், மீட்புக் கட்டணம் 20 டாலர். ஏழு நாள், ஆறு இரவுக்கு 810 டாலர். 18 சதவீத வரியையும் சேர்த்தால் 950 டாலரைத் தாண்டிவிடும். இதற்கு மேல்தான் உணவு, கூடாரம், வண்டி, சம்பளம் எல்லாம். அப்படியிருக்க 1,200 டாலருக்கு ஒருவர் அழைத்துப் போகிறார் என்றால், அந்தச் சலுகை சுமை தூக்குபவர்களின் கூலியிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும்தான் வருகிறது.

மலையடிவாரத்தில் உள்ள மோஷி நகரில் இயங்கும் ‘கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பு, கூலியையும் பணிநிலையையும் கண்காணித்து, முறையாக நடந்துகொள்ளும் நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். பிறகு மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: தினமும் ரத்த ஆக்சிஜன் அளவு பார்ப்பீர்களா, ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வருமா, உச்சியேறும் இரவில் குழுவுக்கு எத்தனை வழிகாட்டிகள்? வழிகாட்டி ஒருவர் மட்டும் என்றால், ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எல்லோரும் திரும்ப வேண்டியதுதான். சைவ உணவு வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சந்தைச் சாமான் எல்லாம் கீழேயிருந்தே போகிறது.

படி 4: மருத்துவரும் காப்பீடும்

காப்பீடு 6,000 மீட்டர் வரையிலான மலையேற்றத்துக்குச் செல்லுமா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் செல்லாது. கென்யா, எத்தியோப்பியா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே அது செல்லுபடியாகும். உயரநோய்க்கு முன்னெச்சரிக்கையாகப் பலர் எடுத்துக்கொள்ளும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படி 5: பயிற்சி

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மராங்கு பாதையில் முதல் இரவு தூங்கும் மண்டாரா குடிலே 2,720 மீட்டரில் இருக்கிறது! ஆகவே உயரத்துக்கான பயிற்சியை இங்கே செய்ய முடியாது. கால்களுக்குச் செய்யலாம். மூன்று நான்கு மாதம் முன்பே, முதுகில் ஆறேழு கிலோவுடன் மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்குவதை விட்டுவிடாதீர்கள், அதற்கான காரணம் கடைசிப் படியில் தெரியும்.

படி 6: மூட்டை

சுமை தூக்குபவர் முகாமுக்குக் கொண்டுபோகும் உங்கள் பை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பழகிய காலணி, அடுக்கடுக்காக அணியும் உடை, மழைச்சட்டை, கனமான கையுறை, தலைவிளக்கு, ஊன்றுகோல். ஸ்லீப்பிங் பேக்கை மோஷியில் வாடகைக்கு எடுக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டில்களுக்குப் பூங்காவில் அனுமதியில்லை.

படி 7: மலைமேல்

வழிகாட்டிகள் ‘போலே போலே’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மெல்ல, மெல்ல என்று பொருள். முந்திப்போகும் ஆசையை விட்டுவிடுங்கள். நாளுக்கு மூன்று லிட்டராவது தண்ணீர் குடியுங்கள். லேசான தலைவலி இயல்பு. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும். பணம் கட்டிவிட்டோமே என்று வழிகாட்டியிடம் மறைப்பது உயிரோடு விளையாடுவது.

மச்சாமே, லெமோஷோ பாதைகளில் கடைசி முகாம் பராஃபு. அங்கிருந்து நள்ளிரவில் கிளம்பினால் விடியும் நேரத்தில் 5,756 மீட்டரில் உள்ள ஸ்டெல்லா முனை. அதன்பிறகு ஒரு மணி நேர நடையில் உச்சியான உஹுரு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிவரை போகலாம். தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிடும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே உறைந்தாலும் மூடிப்பக்கம் நீராகவே இருக்கும். செல்பேசியை உடம்போடு ஒட்டி வையுங்கள், இல்லையேல் உச்சியில் படமெடுக்கப் பேட்டரி இருக்காது.

அன்றே சுமார் 3,100 மீட்டரில் உள்ள ம்வெகா முகாம்வரை இறங்க வேண்டும். ஒரே நாளில் ஏறத்தாழ 2,800 மீட்டர் இறக்கம். முழங்கால்கள் உங்களைத் திட்டும்.

டிப்ஸுக்கு ஒரு பயணிக்கு 200 முதல் 300 டாலர் ஒதுக்கிவையுங்கள். கிழிந்த, பழைய நோட்டுகளை அங்கே வாங்கமாட்டார்கள். புதிய சிறு நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். மொத்தத்தையும் தலைமை வழிகாட்டி கையில் கொடுத்துவிட்டு நகராமல், சுமை தூக்கியவருக்கு எவ்வளவு, சமையல்காரருக்கு எவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் கொடுங்கள்.