கோயில் அடிமனைக் குத்தகையைப் புதுப்பிக்கும் முறை

கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் கோயிலைச் சூழ்ந்த பல தெருக்களில் வீடு நம்முடையதாகவும், அது நிற்கும் மனை சுவாமியுடையதாகவும் இருப்பது பழைய வழக்கம். இத்தகைய அடிமனையின் குத்தகைக் காலம் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கோயிலை நிர்வகிக்கும் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். ஏனெனில், 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி, காலம் முடிந்த பின்னும் மனையில் இருப்பவர் ஆக்கிரமிப்பாளராகவே கருதப்படலாம்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுவது பெயரில்தான். தாத்தா பெயரிலேயே ரசீது வந்துகொண்டிருந்தால், முதலில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். பிறகு, கட்ட வேண்டியது, கட்டியது, பாக்கி ஆகியவற்றைக் காட்டும் கோயிலின் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டில் உங்கள் மனைக்கு எதிரே உள்ள தொகையை உங்கள் ரசீதுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பீரோவில் மடித்து வைத்த ரசீதில் மை மங்கி, மடிப்பில் எண் கிழிந்துபோவது சாதாரணம். இன்றே நகலெடுத்து வைப்பது நல்லது.

அதே சட்டத்தின் 34-அ பிரிவின்படி நிர்ணயிக்கப்படும் வாடகை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும். அது மிகையெனக் கருதினால், ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் அறநிலையத் துறை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி கட்டாயம்; அது இல்லாத பத்திரம் செல்லாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும்.