மரம் உத்தரவுக்குக் கட்டுப்படாது: ராணுவ நிலத்தில் அந்நிய மரங்களை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்திடம் ஆள் உண்டு, வண்டி உண்டு, வேலியும் உண்டு. மேய்ச்சலோ விறகு வெட்டோ இல்லாத நிலம்; நாட்டு மரங்களை மீட்க இதைவிட வசதியான இடம் ஏது என்று தோன்றும். ஆனால் 'மாத இறுதிக்குள் முடியுங்கள்' என்ற உத்தரவு மனிதர்களிடம்தான் செல்லும். பாதித் தவறுகள் அந்த அவசரத்தில் பிறப்பவை.

முதலாவது, தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. சீமைக்கருவேலத்தின் அடியில் மண்ணைச் சற்று விலக்கிப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். மேலே அறுத்தால் அவை விழித்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டாக நின்றது முட்புதராகத் திரும்பி வரும். மண்ணுக்குக் கீழே 10 சென்டிமீட்டருக்காவது இறங்கி வெட்டினால்தான் துளிர்ப்பது நிற்கும். சீனாவிலிருந்து பரவிய ஐலாந்தஸ் ஆல்டிசிமா என்ற மரம் இன்னும் மோசம். வெட்டியதும் வேர் நெடுகக் கன்றுகளைக் கிளப்பிவிடும். கோடையின் பிற்பகுதியில், நின்ற மரத்திலேயே கொத்து போட்டுக் களைக்கொல்லியைச் செலுத்தி, அது வேர்வரை இறங்கி மரம் பட்ட பிறகே கோடரியை எடுக்க வேண்டும்.

'வேரோடு பிடுங்குங்கள்' என்ற அறிவுரையைப் பழைய சுடுதளத்தில் அப்படியே பின்பற்றுவது இரண்டாவது தவறு. உயிருக்கே உலை வைக்கக்கூடியது. வெடிக்காத குண்டுகள் அங்கே புதைந்திருக்கலாம். வெடிபொருள் நிபுணர்கள் சோதித்து அனுமதித்த பகுதியைத் தவிர வேறெங்கும் காலே வைக்கக்கூடாது. நடக்க அனுமதித்த இடம் தோண்ட அனுமதித்த இடம் ஆகிவிடாது. தோண்ட முடியாத இடத்தில் மேலே அறுத்து, வெட்டுவாய் காய்வதற்குள், சில நிமிடங்களிலேயே களைக்கொல்லியைப் பூச வேண்டும். மறுநாள் பூசினால் மருந்துதான் வீண். நடவுக் குழிக்கும் இதே கட்டுப்பாடு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அத்தகைய இடத்தில் விதை தூவுவதே மேல்.

விதைகளை மறப்பது அடுத்தது. புளோரிடாவின் சதுப்பு நிலங்களை ஆக்கிரமித்த ஆஸ்திரேலிய மெலலூகா மரம் தன் விதைகளைக் கிளையிலேயே மூடிய காய்களில் சேர்த்து வைத்திருக்கும். வெட்டினாலும் எரித்தாலும் காய்கள் திறந்து விதைகள் கொட்டும். அகற்றுகிறோம் என்று விதைத்துவிட்டு வருவோம். அக்கேசியா வகைகள் பலவற்றின் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து, தீ பட்டதும் முளைக்கும். சுடுபயிற்சியில் தீப்பிடிக்கும் நிலத்தில் இதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. சேறு அப்பிய டயர்களையும் கவச வண்டிகளின் சங்கிலித் தடங்களையும் கழுவாமல் அடுத்த பகுதிக்கு ஓட்டிச் செல்வதும் விதைப்பு வேலைதான்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழிப்பதும் சரியல்ல. அமெரிக்காவின் தென்மேற்கில் டமரிஸ்க் மரத்தைத் தின்ன 2001-ல் வண்டுகளை விட்டார்கள். அழியும் நிலையிலிருந்த ஓர் ஈப்பிடிப்பான் பறவை அந்த அந்நிய மரத்திலேயே கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதன் கூடுகளுக்கு ஆபத்து என்று 2010-ல் அந்தத் திட்டத்தை வேளாண் துறை கைவிட்டது. மாற்று மரம் தலைதூக்கும்வரை பகுதி பகுதியாக வெட்டுவதே நல்லது.

இனி நடவு. நாட்டு மரம் என்றதும் எங்கும் அடர்காடு போடுவது இன்னொரு பிழை; அந்த இடம் முன்பு புல்வெளியாக இருந்திருந்தால் அங்கே மரமே அந்நியம்தான். அமெரிக்காவின் நீளிலைப் பைன் காடுகள், அடியில் புல் விரிந்து, அவ்வப்போது தீ ஓடினால்தான் நிலைக்கும். குண்டுகள் கிளப்பிய தீயால் அவை ராணுவத் தளங்களில் தப்பிப் பிழைத்திருப்பது வேடிக்கைதான்! ஒரே வயது, ஒரே இனம், ஒரே கோடு என்று அணிவகுப்பு போலக் கன்றுகளை நிறுத்துவது பார்வைக்கு அழகு. ஒரு நோய் வந்தால் வரிசையோடு போய்விடும். ஓடுபாதை அருகே பழ மரங்கள் பறவைகளை வரவழைத்து விமானங்களுக்கு ஆபத்தாகும். காவல் எல்லையில் பார்வையை மறைக்கும் மரத்தை அடுத்து வரும் அதிகாரியே வெட்டச் சொல்வார்.

அந்த 'அடுத்து வரும் அதிகாரி'தான் கடைசிச் சிக்கல். மறுதுளிரைப் பல ஆண்டுகள் விரட்ட வேண்டும். அதிகாரிகளோ அதற்குள் மாற்றலாகிவிடுவார்கள். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டவர் அதற்குத் தண்ணீர் ஊற்ற இருக்கமாட்டார். அமெரிக்காவில் 1997-ல் திருத்தப்பட்ட சைக்ஸ் சட்டம், இயற்கை வளம் கணிசமாக உள்ள தளங்களுக்கு எழுத்துப்பூர்வ மேலாண்மைத் திட்டம் வேண்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் பொறுப்பு ஒப்படைக்கும் கோப்பில் ஒரு தாள் சேர்க்கலாம்: எந்தப் பகுதியை எப்போது வெட்டினோம், என்ன மருந்து பூசினோம், எங்கே மறுபடி துளிர்த்திருக்கிறது.