தென் அமெரிக்க மின்மீன்கள்: திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

தென் அமெரிக்க ஆறுகளின் மின்மீன்களைப் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் ஒரே செய்திதான் வந்து நிற்கும்: 860 வோல்ட், முதலையையே சாய்க்கும், தொட்டால் ஆள் காலி. யூடியூப் தலைப்புக்கு இது போதும். ஆனால் ஜிம்னோட்டிஃபார்மஸ் என்ற இந்த வரிசையில் 250க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றில் ஷாக் அடிக்கக்கூடியவை மூன்றே மூன்று, மூன்றும் மின்விலாங்குகள். மற்ற மீன்கள் விடும் மின்சாரம் தண்ணீருக்குள் விரலை வைத்தாலும் தெரியாத அளவுக்கு மெல்லியது. மூன்றை வைத்து 250ஐ எடைபோடுவதுதான் முதல் தவறு. மீதித் தவறுகளில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

ஷாக் அடிக்காத மின்சாரம் எதற்கு? சுற்றுப்புறத்தை அறியவும், தங்களுக்குள் பேசிக்கொள்ளவும். மீன் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய மின்புலத்தைப் பரப்பி வைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கல்லோ வேரோ புழுவோ வந்தால் அந்தப் புலம் கொஞ்சம் நெளியும். தோல் முழுக்க இருக்கும் உணர்விகள் அந்த நெளிவைப் படித்துவிடும். கலங்கல் தண்ணீரில், நள்ளிரவில், கண்ணால் ஆகாத வேலை இது. மீனுக்கு இப்படியொரு புலன் இருப்பதை விலங்கியலாளர் ஹான்ஸ் லிஸ்மன் 1950களில் ஓர் ஆப்பிரிக்க மீனை வைத்து நிரூபித்தார். தென் அமெரிக்க மீன்களிடமும் அதே கதைதான்.

இதைக் கிட்டே இருந்து பார்க்க அமேசானுக்குப் போக வேண்டாம். அலங்கார மீன் கடைகளில் 'பிளாக் கோஸ்ட்' என்று விற்கிறார்களே, கறுப்பு உடம்பு, வால் அருகே வெள்ளை வளையம், அது இந்த வகையைச் சேர்ந்ததுதான். அது நீந்துவதைக் கவனியுங்கள். மற்ற மீன்களைப் போல உடம்பை வளைக்காது. முதுகு குச்சி மாதிரி நேராக நிற்கும், வயிற்றடியில் ஓடும் நீளத் துடுப்பு மட்டும் அலையடிக்கும். அலையின் திசையை மாற்றினால் அப்படியே பின்னோக்கி வரும், வாலை முதலில் பொந்துக்குள் விட்டுத் துழாவும். உடம்பு வளைந்தால் மின்புலத்தின் வடிவமும் மாறிவிடும், அப்புறம் நெளிவு கல்லால் வந்ததா தன் அசைவால் வந்ததா என்று பிரிப்பது சிரமம். இந்த விறைப்புக்கு அதுதான் காரணம் என்பது பொதுவான விளக்கம். தொட்டிக்குள் இரண்டு கம்பி முனைகளை விட்டு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால், ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸில் ஒரே சீரான விசில் கேட்கும். இரவு பகல் எந்நேரமும் அது நிற்காது.

சரி, அந்த 860க்கு வருவோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இது அதைவிட நான்கு மடங்கு ஆபத்து என்று கணக்குப் போடுவார்கள். வோல்ட்டை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. மின்விலாங்கின் மின்செல் ஒவ்வொன்றும் தருவது சுமார் 0.15 வோல்ட். டார்ச்சில் பேட்டரிகளை அடுக்குவது போல ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் நூற்றுக்கணக்கான வோல்ட் கிடைக்கிறது. மின்னோட்டம் சுமார் 1 ஆம்பியர். ஒரு துடிப்பு நீடிப்பது ஏறத்தாழ 2 மில்லிசெகண்ட். அதிலும் பெரும்பகுதி தண்ணீர் வழியாகவே போய்விடும். கென்னத் கட்டானியா என்ற அமெரிக்க ஆய்வாளர் 2017இல் ஒரு சிறிய மின்விலாங்கைத் தன் கையையே தாக்கவிட்டு அளந்தார். கை வழியாகப் பாய்ந்தது உச்சத்தில் 40 முதல் 50 மில்லிஆம்பியர். அதற்காக ஒன்றும் ஆகாது என்று மறுபக்கம் சாயவும் கூடாது. பெரிய மீன் அடுத்தடுத்து அடித்தால் முழங்கால் அளவு தண்ணீரில்கூட நிலைதடுமாறி விழுந்து மூழ்கலாம்.

அடுத்து, அந்த 860 எல்லா மின்விலாங்குக்கும் பொதுவான எண் கிடையாது. 1766இல் லின்னேயஸ் பெயர் வைத்ததிலிருந்து இரண்டரை நூற்றாண்டாக மின்விலாங்கு ஒரே சிற்றினம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2019இல் டி சந்தானா என்ற ஆய்வாளரின் குழுவினர் அது மூன்று என்று காட்டினார்கள். கயானா மேட்டுநிலத்தில் எலெக்ட்ரோஃபோரஸ் எலெக்ட்ரிகஸ், பெரும்பாலும் பிரேசில் மேட்டுநில ஆறுகளில் எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய், அமேசான் தாழ்நிலத்தில் எலெக்ட்ரோஃபோரஸ் வாரியை. 860 வோல்ட் பதிவானது வோல்டாயிடம் மட்டுமே. மேட்டுநில ஆறுகளில் உப்புகள் குறைவு, தண்ணீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அங்கே வேலை நடக்க வோல்ட் கூடுதலாக வேண்டியிருந்திருக்கும் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். கடலில் வாழும் மின்திருக்கைக்கு நேர்மாறான நிலைமை: உப்புநீரில் குறைந்த வோல்ட், நிறைய மின்னோட்டம். ஆகவே 'அமேசான் மின்விலாங்கு, 860 வோல்ட்' என்று எழுதும்போது பெரும்பாலும் தவறான மீனின் தலையில் அந்த எண்ணைக் கட்டுகிறோம்.

மின்விலாங்கு விலாங்கே இல்லை என்பதைப் பலரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் கோட்டைவிடுகிறார்கள். கெண்டை, கெளுத்தி இருக்கும் பெருங்கிளையில்தான் இதுவும் இருக்கிறது. கெளுத்திக்கும் மெல்லிய மின்புலத்தை உணரும் புலன் உண்டு, உண்டாக்கத்தான் தெரியாது (ஆப்பிரிக்க மின்கெளுத்தி போன்ற சில விதிவிலக்குகள் தவிர).

ஆப்பிரிக்க ஆறுகளிலும் மார்மைரிட் என்ற, மெல்லிய மின்சாரம் விடும் மீன்கள் 200 சிற்றினங்களுக்கு மேல் இருக்கின்றன. இரண்டு கண்டமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை, எனவே ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்து என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. மார்மைரிட்டுகளின் உறவினர் தென் அமெரிக்காவின் அரபைமாவும் நம் ஊர்ச் சொட்டவாளையும். தென் அமெரிக்க மின்மீனோ கெண்டை, கெளுத்தி பக்கம். இரண்டு கூட்டமும் தனித்தனியாக, தசையைத் திருத்தி மின்உறுப்பாக்கிக்கொண்டன.

அதிலும் ஒரு வியப்பு இருக்கிறது. தசை சுருங்க சோடியம் உள்ளே பாய வேண்டும், அதற்கான வாசலாக ஒரு புரதம் உண்டு. இன்றைய மீன்களில் பெரும்பாலானவை அடங்கும் டெலியோஸ்ட் கூட்டத்தின் முன்னோரிடம் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்ததால், அந்த வாசலுக்கான மரபணுவும் இரண்டு பிரதிகளானது. தசையைப் பார்த்துக்கொள்ள ஒன்றே போதும், மற்றது உபரி. ஆய்வாளர் ஹெரால்ட் ஸகோனின் குழு 2006இல் காட்டியது இதுதான்: ஆப்பிரிக்க மீன்களும் தென் அமெரிக்க மீன்களும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், அந்த இரண்டு பிரதிகளில் ஒரே பிரதியைத் தசையிலிருந்து விலக்கி மின்உறுப்பு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதன் பிறகு அந்த மரபணு இரண்டு பக்கமும் வேகமாக மாறியிருக்கிறது.

பரிணாமத்தைப் படிக்கட்டாகப் பார்ப்பது இன்னொரு பழக்கம். மெல்லிய மின்சாரம் கீழ்ப்படி, 860 வோல்ட் உச்சி, மற்ற மீன்களெல்லாம் வழியில் நின்றுவிட்டவை! டார்வினே 1859இல் மின்உறுப்பைத் தன் கொள்கைக்கு ஒரு தனிச் சிக்கலாகக் குறிப்பிட்டார். முழுசாக வளராத ஆயுதத்தால் என்ன பயன் என்ற கேள்வி அன்று பதிலில்லாமல் நின்றது. ஆனால் இந்த மீன்களிடம் மின்சாரம் ஆயுதமாகத் தொடங்கவில்லை, புலனாகத் தொடங்கியது. புலனாக இருக்க ஒரு வோல்ட்டுக்கும் குறைவே போதும். மின்விலாங்கு அந்தப் பழைய புலனைக் கைவிடாமல் அதன்மேல் ஆயுதத்தைச் சேர்த்துக்கொண்ட ஒரு கிளை. இன்றும் அதன் உடம்பில் மூன்று மின்உறுப்புகள் உண்டு, அவற்றில் சாக்ஸ் உறுப்பு வழி அறியும் மெல்லிய துடிப்புகளை விடுகிறது. அதன் நெருங்கிய உறவான ஜிம்னோட்டஸ் பேரினம் 40க்கும் மேற்பட்ட சிற்றினங்களோடு, ஷாக் எதுவும் இல்லாமல், நன்றாகவே பிழைக்கிறது.

மின்உறுப்பு என்றால் மாறிய தசைதான் என்று பொதுப்படையாக எழுதுவதும் சரியல்ல. பிளாக் கோஸ்ட் சேர்ந்த அப்டெரோநோட்டிட் குடும்பத்தில் குஞ்சுப் பருவத்தில் தசை உறுப்பு இருக்கும், வளர்ந்தபின் அந்த வேலையை நரம்புகளே எடுத்துக்கொள்ளும். நரம்பு தசைக்குச் செய்தி சொல்வதைத் தடுக்கும் குராரே நஞ்சைக் கொடுத்தாலும் இவற்றின் மின்சாரம் நிற்பதில்லை. பிளாக் கோஸ்ட்டின் பேரினத்திலேயே பழுப்பு கோஸ்ட் என்ற மீனில் ஆணின் அலைவெண் (நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது) அதிகம், பிளாக் கோஸ்ட்டில் பெண்ணுடையது அதிகம். ஆகவே 'ஆண் மின்மீன் வேகமாகத் துடிக்கும்' என்று விதி எழுதினால் பக்கத்துச் சிற்றினமே அதைப் பொய்யாக்கிவிடும்.

இந்தப் பன்மையை எண்ணுவதில் விஞ்ஞானிகளும் சறுக்கியிருக்கிறார்கள். வாய்க்கு வெளியே பற்கள் துருத்திய ஒரு விசித்திர மீனை 1936இல் ஓடெமொக்னாத்தஸ் என்று தனிப் பேரினமாகவே அறிவித்தார்கள். அது வேறொரு தெரிந்த சிற்றினத்தின் முதிர்ந்த ஆண் என்பது 2009இல்தான் வெளிப்பட்டது. ஆழ்ந்த இருட்டான ஆற்றுப் படுகையை யாரும் சரியாகத் துழாவாமல் இருந்ததே இதற்குக் காரணம். 1990களில் அமேசானின் முக்கிய நீரோட்டத்தில் அடிவலை இழுத்தபோது மின்மீன்கள் குவியல் குவியலாக வந்தன. மற்ற மின்மீன்களின் வாலைக் கடித்துத் தின்பதையே பிழைப்பாகக் கொண்டவைகூட அவற்றில் இருந்தன. கடிபட்ட வால், மின்உறுப்போடு சேர்ந்து, மறுபடி வளர்ந்துவிடும்.

கடைசியாக, வளர்ப்பவர்களுக்கு. பிளாக் கோஸ்ட் அடிக்குமா என்று கேட்பவர்கள் அதிகம், அடிக்காது. ஒரே சின்னத் தொட்டியில் இரண்டைப் போடுவதுதான் நிஜமான தவறு, ஓயாமல் ஒன்றையொன்று விரட்டும். பகலில் தீனி போட்டுவிட்டு மீன் சாப்பிடவில்லை என்று மருந்து ஊற்றாதீர்கள், விளக்கை அணைத்தபின் போட்டுப் பாருங்கள். ஒளிய ஒரு குழாய்த் துண்டு கட்டாயம் வேண்டும். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் இந்த மீன் அரை மீட்டர் வரை வளரும், தொட்டியை அந்த நீளத்தை மனதில் வைத்து வாங்குங்கள்.